அசிட்டோன் பாட்டில்

உக்காருங்க தம்பி. அந்த முனையில வேண்டாம், பெஞ்சு சாயும். இப்படிச் சுவரோரமா வாங்க. கூப்பிடுறதுக்கு இன்னும் நேரம் இருக்கு. எனக்கு இருபத்தி மூணாவது நம்பர். இப்பத்தான் பதினொண்ணு உள்ள போயிருக்கு.

யாருக்காக வந்திருக்கீங்க? அக்காவுக்கா? சரி, சரி. கூட ஒரு ஆம்பளை வர்றது நல்லதுதான். உங்க மச்சானும் வந்திருக்காரா? அதோ அந்தத் தூண்கிட்ட நிக்கிறாரே, அவரா? பாவம், மூஞ்சி வாடிப்போய் நிக்கிறாரு. தப்பா எடுத்துக்காதீங்க. ரெண்டு பக்கமும் கேக்கணும்ல?

நான் இந்த ஊரு இல்ல தம்பி. திருச்சி, துவாக்குடி. என் சம்சாரம் இப்ப ஓசூர்ல இருக்கா, அதனால இங்க கேஸ் போட்டிருக்கா. பேரு வளர்மதி. என் பேரு கோவிந்தராசு. என்மேல என்ன புகார்னு சொன்னா சிரிப்பீங்க. கொடுமை. மனக்கொடுமைன்னு மனுவுல எழுதியிருக்கா. பதினேழு வருஷத்துல ஒருநாள் கை நீட்டியிருக்கேனா? கிடையாது. குடி? வாசனை புடிக்காது. வேற பொம்பளை? சத்தியமா இல்ல. வக்கீல்ட்ட கேட்டேன், "எந்தக் கொடுமைங்க, எனக்கே தெரியலையே?"ன்னு. அவரு மனுவைப் புரட்டிப் பாத்துட்டு, "ஏதோ பாட்டில்னு போட்டிருக்கு, குடிப்பீங்களா?"ன்னாரு. அது அந்தப் பாட்டில் இல்ல தம்பி. அசிட்டோன் பாட்டில்.

அசிட்டோன் தெரியும்ல? பொம்பளைங்க நகப்பூச்சு அழிப்பாங்களே, அதுதான். தண்ணி மாதிரி இருக்கும், தொட்டா ஜில்லுன்னு பறந்துடும்.

நான் வெல்டர். துவாக்குடியில சவரிமுத்து சார் கம்பெனின்னா சின்ன இடம்தான், ஆனா வேலை சுத்தமா இருக்கும். இருபத்திரெண்டு வருஷம் அங்க. இரும்புல எனக்கு நிகரா அங்க ஒருத்தன் கிடையாது. தலைகீழா படுத்துக்கிட்டுப் போடுவேன், கண்ணாடியைப் பாத்துக்கிட்டே பைப்புக்குப் பின்னாடி போடுவேன். போர்மேன்னு போர்டு வெக்கலையே தவிர நான்தான் போர்மேன். ஸ்டோர் சாவி என் இடுப்புலதான் தொங்கும்.

வளர்மதியை அங்க சேத்துவிட்டதே நான்தான். அதை மனுவுல எழுதலை பாருங்க. கல்யாணத்துக்கு முன்னாடி தையல் வேலை பாத்தவ. மக ஹைஸ்கூலுக்குப் போக ஆரம்பிச்சதும் சும்மா இருக்காளேன்னு சார்கிட்டச் சொல்லி பிளேட் துடைக்கிற வேலையில சேத்தேன். அப்பத்தான் அலுமினிய வேலை வர ஆரம்பிச்ச நேரம். டேங்கு. அலுமினியத்தை அப்படியே ஒட்ட முடியாது தம்பி. மேல ஒரு ஆடை மாதிரி படிஞ்சிருக்கும். கம்பி பிரஷ்ஷால தேய்ச்சு, அசிட்டோன்ல துடைச்சு, அப்புறம்தான் ஒட்டணும். துளி எண்ணெய்ப் பிசுக்கு இருந்தாப் போதும், உள்ளுக்குள்ள குமிழ் விழுந்துடும். மேல பாத்தா அழகா இருக்கும். எக்ஸ்ரே எடுத்தா கசகசா தூவின மாதிரி ஓட்டை ஓட்டையாத் தெரியும்.

இன்னொண்ணு சொல்றேன். இரும்பு சொல்லிட்டு உருகும். சிவக்கும், மஞ்சளாகும், அப்புறம் உருகும். நாம தயாரா இருக்கலாம். அலுமினியம் சொல்லாது. வெள்ளையா இருக்கும், வெள்ளையாவே இருக்கும், பொத்துன்னு ஓட்டை விழுந்துடும். இருபது வருஷமா இரும்போட இருந்தவனுக்கு அது எப்படிப் புடிபடும்? யாருக்கும் புடிபடாது.

அவளுக்குப் புடிபட்டுருச்சு.

ஒருநாள் சாப்பாட்டு நேரத்துல வெட்டிப் போட்ட அலுமினியத் துண்டு ரெண்டு எடுத்து வெச்சுக்கிட்டு உக்காந்துட்டா. வலது கையில வெல்டிங் டார்ச், இடது கையில உருக்கி ஊத்துற ராடு, கால்ல பெடல். மூணும் சேந்து போகணும். தையல் மெஷின்ல உக்காந்தவளுக்குக் கால் தானாப் போகுது. ஒரு சாண் நீளம் போட்டிருப்பா. மல்லிகைப்பூ தொடுத்த மாதிரி, ஒண்ணுமேல ஒண்ணு, ஒரே அளவு. சவரிமுத்து சார் அதைக் கையில எடுத்து, கட்டைவிரலால தடவித் தடவிப் பாத்தாரு. என்னோடதை அவரு ஒருநாளும் அப்படித் தடவிப் பாத்ததில்ல.

எனக்குச் சந்தோஷம்தான். யாருக்கு இருக்காது? என் பொண்டாட்டிதானே. கம்பெனியில வேலை பாக்கிற எட்டுப் பேரும் என்கிட்டதான் வந்தாங்க, "என்னண்ணே, அண்ணி உங்களைத் தூக்கிச் சாப்பிட்டுருவாங்க போலிருக்கே"ன்னு. நானும் சிரிச்சேன். ரெண்டு மூணு மாசம் சிரிச்சுக்கிட்டே இருந்தேன்.

அப்புறம் பெரிய டேங்கு ஆர்டர் வந்துச்சு. டெஸ்ட்டுல பாஸ் பண்ணின வெல்டர்தான் அதைத் தொடணும்னு கண்டிஷன். வெளியிலேருந்து இன்ஸ்பெக்டர் வருவாரு, அவரு முன்னாடி பிளேட் ஒட்டிக் காட்டணும், அதை எக்ஸ்ரேவுக்கு அனுப்புவாங்க. சார் ரெண்டு பேரு குடுத்தாரு. என் பேரு, அவ பேரு. லிஸ்ட்டுல அவ பேருதான் மேல இருந்துச்சு. அகர வரிசைன்னாரு சார். க முன்னாடியா, வ முன்னாடியா தம்பி? நீங்களே சொல்லுங்க.

டெஸ்ட் அன்னிக்குக் காலையில நான்தான் முதல்ல. ஓட்டை விழுந்துருச்சு. அன்னிக்கு கேஸ் சரியில்ல, சிலிண்டர் தீர்ற நேரம், பிரஷர் ஏறி இறங்குது. யாரு போட்டிருந்தாலும் விழுந்திருக்கும். இன்ஸ்பெக்டர் பிளேட்டைத் திருப்பிக்கூடப் பாக்கல. "அடுத்தது சாப்பிட்டுட்டு வெச்சுக்கலாம்"னுட்டாரு.

சாப்பிட உக்காந்தோம். கீரைக்கூட்டு, சேப்பங்கிழங்கு வறுவல். எனக்குப் போட்டுட்டுத்தான் அவ போட்டுக்கிட்டா. "மத்தியானம் நான் போடும்போது பக்கத்துல நிப்பீங்கல்ல? பயமா இருக்கு"ன்னா. "நிக்கிறேன்"னேன். நின்னேன் தம்பி. சொன்ன சொல் தவறல.

அவ டப்பா கழுவப் போனா. பாட்டில் மேஜைமேல இருந்துச்சு. என் சட்டைப்பையில ஒரு தேங்காயெண்ணெய் பாக்கெட் இருந்துச்சு, தலைக்குத் தேய்க்க முந்தின நாள் வாங்கினது. கிரீஸ்னா கலர் தெரியும், தேங்காயெண்ணெய் தெரியாது. அசிட்டோன்ல ஊத்தினா கரைஞ்சு போயிடும், வாசனையும் அமுங்கிடும். கால் பாக்கெட்தான் ஊத்தினேன். யோசிச்செல்லாம் செய்யல. யோசிச்சிருந்தா செஞ்சிருப்பேனா?

அவ நல்லாத் துடைச்சா. பயத்துல ரெண்டு மடங்கு துடைச்சா. பிளேட்டைத் துடைச்சு, ராடைத் துடைச்சு, மறுபடியும் பிளேட்டைத் துடைச்சு. அசிட்டோன் பறந்துடும், எண்ணெய் உக்காந்துக்கும். துடைக்கத் துடைக்க அழுக்கு. ஒட்டும்போது ஓரத்துல கருப்பாப் படிஞ்சுது. ஒரு தடவை நிறுத்திட்டு என்னைப் பாத்தா. நான் தலையை ஆட்டினேன், நல்லாத்தான் போகுது, போடுன்னு.

எக்ஸ்ரே வந்துச்சு. கசகசா.

ரெண்டு பேரும் ஃபெயில். குடும்பமா ஃபெயில். அதுல ஒரு நிம்மதி இருந்துச்சு தம்பி, பொய் சொல்லக்கூடாது. வீட்டுக்குப் போற வழியில அவ பஸ்ஸுலயே அழுதுகிட்டு வந்தா, நான் தோள்ல தட்டிக்கிட்டே வந்தேன். கல்யாணமான புதுசுல அப்படிப் பக்கத்துல ஒட்டி உக்காந்தவ. அதுக்கப்புறம் அன்னிக்குத்தான்.

மறுநாள் சார் கூப்பிட்டு, "கோவிந்தராசு, அது நல்ல கையாச்சே, என்னப்பா ஆச்சு?"ன்னாரு. வாயில என்ன வந்துச்சோ அதைச் சொன்னேன். "கை நடுங்குது சார். வீட்லயே கவனிச்சிருக்கேன். டம்ளர் புடிச்சா ஆடுது." வளர்மதி கதவுக்கு வெளிய நின்னுக்கிட்டிருந்தா. காதுல விழுந்துருச்சு. அன்னிக்கு முழுக்கத் தன் கையையே பாத்துக்கிட்டு இருந்தா. அதுவரைக்கும் அவ கை நடுங்கினதே கிடையாது. நான் சொன்னதுக்கப்புறம்தான் ஆரம்பிச்சுது. என் வாயில வந்தது பலிச்சுருச்சு பாருங்க. இதுக்கு நான் என்ன பண்ண முடியும்?

அந்த ஆர்டருக்கு சார் வெளியாளைக் கூட்டியாந்துட்டாரு. அவ பழையபடி பிளேட் துடைச்சா. ஆனா விடல. வேலை முடிஞ்சு அஞ்சு மணிலேருந்து ஆறரை வரைக்கும் பழகிக்கிறேன்னு கேட்டா. சார் சரின்னுட்டாரு. நானும் கூட இருப்பேன். அவளுக்குன்னு தனியா ஒரு பாட்டில் எடுத்து, மார்க்கர்ல 'வளர்மதி'ன்னு பேரு எழுதிக் குடுத்தேன். சாவி என்கிட்டதானே, நான்தான் ரொப்பி வெப்பேன். அவ்வளவு கவனிச்சேன்.

தினமும் போடுவா. தினமும் கருப்பு வரும். உடைச்சுப் பாத்தா உள்ள குமிழ். "நேத்தைக்கு விட இன்னிக்கு மோசங்க"ம்பா. "நீ நல்லாத் துடைக்கலை"ம்பேன். மறுநாள் இன்னும் ரெண்டு தடவை துடைப்பா.

கை நடுக்கம் அதிகமாச்சு. சொந்தக்காரங்க யாராச்சும் வீட்டுக்கு வந்தா, "வளரு, கையை நீட்டு பாப்போம்"பேன். நீட்டுவா. ஆடும். எல்லாரும் ஐயோன்னு சொல்லுவாங்க. நிறையத் தண்ணி ஊத்தி டம்ளரைக் குடுத்து, அந்த மூலைக்கும் இந்த மூலைக்கும் நடக்கச் சொல்லுவேன். சிந்தினா சிரிப்பேன், அவளும் சிரிப்பா. ஒரு தடவை மக எந்திரிச்சு வந்து டம்ளரைப் புடுங்கித் தரையில அடிச்சுட்டா. யாழினின்னு பேரு, அப்ப பதினாலு வயசு. விளையாட்டு எது, வினை எதுன்னு தெரியாத வயசு.

நரம்பு டாக்டர்ட்டக்கூடக் கூட்டிட்டுப் போனேன். கொடுமைக்காரன் கூட்டிட்டுப் போவானா? அவரு தட்டிப் பாத்து, குத்திப் பாத்து, மாத்திரை எழுதிக் குடுத்தாரு. அதைப் போட்டா உக்காந்த இடத்துல தூங்குவா. வேளை தவறாம நானே எடுத்துக் குடுப்பேன்.

அப்புறம் சமயபுரத்துல வேண்டிக்கிட்டா. கை நிலைச்சா முடி இறக்கறேன்னு எல்லாரும் வேண்டிப்பாங்க. இவ முன்னாடியே குடுத்துடறேன்னா. இடுப்புக்குக் கீழ முடி தம்பி அவளுக்கு. நான் வேண்டாம்னுதான் சொன்னேன். ஒரு தடவை சொன்னேன். முடி இறக்குற ஆள் தண்ணி தெளிச்சு, நடு உச்சியில கத்தியை வெச்சான். கைகூப்பிக்கிட்டு உக்காந்திருந்தா, அந்தக் கூப்பின கையே ஆடுது. முடிச்சதும் சந்தனம் நான்தான் தடவிவிட்டேன். தலை சில்லுன்னு இருந்துச்சு. "இனிமே சரியாயிடும்ல?"ன்னு கேட்டா. "ஆத்தா பாத்துப்பா"ன்னேன்.

நீங்க ஏன் அப்படிப் பாக்கிறீங்க? அப்பச் சொல்லியிருக்கலாமேன்னு பாக்கிறீங்க. எப்படித் தம்பி சொல்றது? முதல் வாரம்னா சொல்லலாம். மொட்டை அடிச்சுட்டு நிக்கிறவகிட்டப் போய் என்னன்னு சொல்றது?

நான் ஒண்ணு சொல்றேன், யாருகிட்டயும் சொன்னதில்ல. அந்தப் பதினாலு மாசம்தான் எங்க வாழ்க்கையிலேயே நல்ல காலம். எங்க போனாலும் என் கையைப் புடிச்சுக்கிட்டுத்தான் வருவா. ரோடு தாண்டக்கூட. "ஏங்க, நான் விட்டுடட்டுமா?"ம்பா. "விடாத, நான் இருக்கேன்ல"ம்பேன். மூஞ்சியை என் தோள்ல வெச்சுக்குவா. எத்தனை பேருக்குக் கிடைக்கும் அது?

அடுத்த வருஷம் மறுபடியும் டேங்கு ஆர்டர். மறுபடியும் டெஸ்ட். சார் கேட்டாரு, அவ மாட்டேன்னா. நான்தான் பேரு எழுதிக் குடுன்னேன். இந்த ஒரு தடவை பாத்துடு, இல்லேன்னா நிம்மதியா வீட்ல இருக்கலாம்னு. நல்லதுக்குத்தான் சொன்னேன். ஒரு முடிவு வேணும்ல?

இந்தத் தடவை வந்தவரு நூருல்லான்னு ஒரு வயசானவரு. பேச்சு கம்மி. எல்லாத்தையும் உத்து உத்துப் பாக்கிற ஆளு. அவ உக்காந்தா. முடி கழுத்து வரைக்கும்தான் வளந்திருந்துச்சு, துணி கட்டியிருந்தா. டார்ச்சை எடுக்கும்போதே கை ஆடுது. ஒரு விரற்கடை போட்டிருப்பா, அவரு "நிறுத்தும்மா"ன்னாரு. முடிஞ்சுதுன்னு நினைச்சேன்.

மாஸ்க்கைத் தூக்கிக்கிட்டு அவ சொன்னா, "ஐயா, எனக்குக் கை நடுங்கும். மாத்திரை சாப்பிடறேன்."

அவரு குனிஞ்சு பிளேட்டைப் பாத்தாரு. "டார்ச்சுல ஆர்க் நெருப்பு புடிக்கிற வரைக்கும் நடுங்குதும்மா. புடிச்சதுக்கப்புறம் நடுங்கலை. நான் பாத்துக்கிட்டுதானே இருக்கேன். உன் கை சரியாத்தான் போகுது. உலோகம்தான் அழுக்கா இருக்கு. எதுல துடைச்சே?"

அவ பாட்டிலை நீட்டினா. பேரு எழுதினது. அவரு மோந்து பாத்தாரு. மாஸ்க்ல போடுற வெள்ளைக் கண்ணாடி ஒண்ணை எடுத்து, மேல நாலு சொட்டு விட்டுட்டு, ஊதினாரு. அசிட்டோன் பறந்துருச்சு. வட்டமா ஒரு பிசுக்கு நின்னுச்சு. அப்புறம் தன்னோட பெட்டியைத் திறந்து, சீல் பிரிக்காத பாட்டில் ஒண்ணை எடுத்து, பக்கத்துலயே நாலு சொட்டு விட்டாரு. அது பறந்துருச்சு. ஒண்ணுமில்ல, கண்ணாடி மட்டும்தான்.

"அசிட்டோன்னா பறந்துடணும். இது உக்காந்துக்கிட்டு இருக்கு பாரு"ன்னாரு.

வளர்மதி அந்தக் கண்ணாடியை வாங்கி வெளிச்சத்துல புடிச்சுப் பாத்தா. பிசுக்கை விரல்ல தொட்டா. மூக்குகிட்டக் கொண்டு போனா. எத்தனை வருஷம் தலைக்குத் தேய்ச்ச எண்ணெய், தெரியாம இருக்குமா? எட்டுப் பேரும் நிக்கிறாங்க, சார் நிக்கிறாரு, வெளியாளு இன்ஸ்பெக்டர் நிக்கிறாரு. அத்தனை பேரு முன்னாடி கேட்டா தம்பி.

"ஏங்க, இதை ரொப்பினது நீங்கதானே?"

வீட்ல வந்து கேட்டிருக்கலாம்ல? தனியாக் கேட்டிருந்தா நான் சொல்லியிருப்பேன். ஒரு புருஷனை நிக்க வெச்சு எட்டுப் பேரு முன்னாடி கேக்கறதா? கொடுமைன்னா அதுதான் கொடுமை. என் பக்கம் எந்த மனுவுல இதை எழுதறது?

"காலையில ஏதோ புத்தி கெட்டுப்போய்..."ன்னேன். "இன்னிக்கு மட்டும்தான்"னேன்.

நூருல்லா சார் புது பாட்டிலை அவகிட்டக் குடுத்தாரு. புது பிளேட், புது ராடு. துடைச்சா. மாஸ்க்கை இறக்கினா. முழு நீளமும் ஒரே மூச்சுல போட்டா. முடிச்சிட்டு மாஸ்க்கைத் தூக்கல, உள்ளயே அழுதிருப்பா போலிருக்கு. எக்ஸ்ரே சுத்தமா வந்துச்சாம். எனக்கு மத்தவங்க சொல்லித்தான் தெரியும், ஏன்னா சார் அன்னிக்கே சாவியை வாங்கிட்டாரு. இருபத்திரெண்டு வருஷம். "நீ போயிடு கோவிந்தராசு, வேற எதுவும் பேசாதே"ன்னுட்டாரு. இப்ப ஒரு பட்டறையில ஜன்னல் கம்பி ஒட்டிக்கிட்டு இருக்கேன்.

வீட்டுக்கு வந்தா, வந்ததும் மாத்திரையை எல்லாம் கொட்டினா. மகளைக் கூப்பிட்டா. ரெண்டு பை. சண்டை போடுவான்னு பாத்தேன், அழுவான்னு பாத்தேன், எதுவும் இல்ல. "வளரு, ஒரு நாள் தப்புடி"ன்னேன். செருப்பை மாட்டிக்கிட்டே என்னைத் திரும்பிப் பாத்தா. ஏதோ கேக்க வந்தா, கேக்கல. ஓசூர்ல அவ அக்கா வீடு. இங்க சிப்காட்டுல டேங்கு கம்பெனி ஒண்ணு, அலுமினியம் மட்டும்தான், அங்க சேந்துட்டா. ஆறு மாசத்துல பெரிய ஆளாயிட்டாளாம்.

போன மாசம் நேராவே போய்ப் பாத்துடுவோம்னு வந்தேன். கேட்ல செக்யூரிட்டி உள்ள விடமாட்டேன்னான். போன் பண்ணிச் சொன்னான். வருவாளான்னு சந்தேகம்தான். வந்தா. தோல் ஜாக்கெட், கையில உறை, மூஞ்சியெல்லாம் வேர்வை. முடி நல்லா வளந்திருந்துச்சு, அழுத்திக் கொண்டை போட்டிருந்தா. கேட்டுக்கு வெளிய ஒரு வேப்பமரம், அங்க நின்னோம்.

பேச வேண்டியது எல்லாத்தையும் பேசினேன். வா, வந்துடு. நான் மாறிட்டேன். யாழினி எப்படி இருக்கா. உன் அக்கா புருஷன் என்ன நினைப்பாரு. எல்லாம் பேசினேன். அவ காதுல வாங்கின மாதிரியே தெரியல. நான் முடிக்கிற வரைக்கும் நின்னா. அப்புறம் சொன்னா:

"நான் ஒண்ணு கேக்கணும். உண்மையைச் சொல்லுங்க. அது ஒண்ணுக்குத்தான் வெளிய வந்தேன்."

"கேளு."

"முதல் டெஸ்ட்டுலயும் ஊத்தினீங்களா?"

"ஆமா"ன்னேன்.

"நடுவுல?"

"நடுவுலன்னா?"

"அஞ்சு மணிக்கு மேல நான் பழகினேனே. பதினாலு மாசம். அந்தப் பாட்டில்லயும் இருந்துச்சா? எல்லா நாளுமா? இல்ல, நடுவுல நிஜமாவே என் கை கெட்டுப்போயிருந்துச்சா? இங்க ஒவ்வொரு தடவை டார்ச்சை எடுக்கும்போதும் அதுதாங்க ஞாபகம் வருது. நடுவுல ஒரு காலம் என் கை கெட்டுச்சு, மறுபடியும் கெடும்னு. தூங்க முடியலை. சொல்லுங்க."

எனக்குச் சிரிப்பு வந்துருச்சு தம்பி. கூச்சத்துல வர்ற சிரிப்பு இருக்கே, அது. இவ்வளவு நாளா இதையா மனசுல வெச்சிருந்தா, நான் என்னமோன்னு நினைச்சேன்னு. சிரிச்சிட்டேன்.

"உன் கைக்கு என்னடி? ஒண்ணும் ஆகல"ன்னேன். "எல்லாப் பாட்டில்லயும் ஊத்தினேன். ஒருநாள் விடல. சமயபுரம் போயிட்டு வந்தோமே, அன்னிக்குச் சாயங்காலம்கூட."

அவ ஒவ்வொரு உறையாக் கழட்டினா. வேப்பமரத்தடியில ஒரு கல்லு கிடந்துச்சு, அதுல உக்காந்துட்டா. ரெண்டு கையையும் மடியில விரிச்சு வெச்சுக்கிட்டுப் பாத்தா. திருப்பித் திருப்பிப் பாத்தா. அப்புறம் அந்தக் கையை எடுத்து மூஞ்சியில வெச்சு அழுத்திக்கிட்டு அழுதா பாருங்க, அப்படி ஒரு அழுகை. எங்க அம்மா செத்தன்னிக்குக்கூட யாரும் அப்படி அழுது நான் பாத்ததில்ல. செக்யூரிட்டி ஓடி வந்துட்டான். அவ வேண்டாம்னு கையைக் காட்டினா. அழுகை நிக்கவே இல்ல. நடுவுல சிரிக்கிற மாதிரியும் இருந்துச்சு. தன் கையையே முத்தம் குடுத்துக்கிட்டா, குழந்தைக்குக் குடுக்கிற மாதிரி. தோள்ல தட்டலாம்னு கிட்டப் போனேன், எழுந்துட்டா. உறையை மாட்டிக்கிட்டா. உள்ள சைரன் அடிச்சுது. போயிட்டா.

அதுக்கு மறுவாரம்தான் இந்த நோட்டீஸ் வந்துச்சு. அதுதான் எனக்குப் புரியல. யாரோ தூண்டி விட்டிருக்காங்க, அவ அக்கா புருஷனாத்தான் இருக்கும். ஏன்னா அன்னிக்கு நான் கண்ணால பாத்தேன் தம்பி. இன்னிக்கு ஜட்ஜய்யா கேட்டா இதைத்தான் சொல்லப்போறேன். புருஷன்மேல பாசம் இல்லாதவ, வெறுப்பு இருக்கிறவ, என் எதிர உக்காந்து அப்படி அழுவாளா?

சொல்லுங்க. உங்க அக்கா அழுவாங்களா?